மாசியில் இரண்டு உத்திரம்

திருச்சி
20.11.1997

மாதங்கிக்கு அம்மா எழுதுவது.

ஜெய்ராம் போன வாரம் பக்கத்து வீட்டு போனில் பேசினான். அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் "மீட்டர் ஓடறதும்மா" என்றான். அப்படிச் சொன்னால் எனக்கு வாயில் வந்ததும் மறந்து போகிறது. அதனால் எழுதுகிறேன். அவனுக்கு எழுதினால் பிரித்த கவரோடு எங்கேயாவது வைத்துவிடுவான், அதனால் உனக்கு.

மாசியில் அப்பாவுக்கு அறுபது பூர்த்தியாகிறது. அவருடைய ஜன்ம நட்சத்திரமான உத்திரம் பிப்ரவரி பதினான்காம் தேதி, சனிக்கிழமையாக வருகிறது. மண்டபம் பேசியாகிவிட்டது. இது பிள்ளையும் மாட்டுப்பெண்ணும் நின்று நடத்தி வைக்கிற விசேஷம். ஒரே பிள்ளை, ஒரே மாட்டுப்பெண். ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிடுங்கள்.

ஜெய்ராம் அனுப்பிய பேப்பர் துண்டைப் பார்த்தேன். கப்பல் கட்டுகிறவனுக்குப் பெண்டாட்டி போட்டோவைக் கத்தரித்து அனுப்ப எங்கிருந்து நேரம் வருகிறதோ. அரை நிஜாரும் கையில்லாத பனியனுமாக நீ எம்பிக் குதிக்கிறாய். அப்பா கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டலாம் என்றார். நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். கல்யாணத்தின்போது "இன்னும் இரண்டு வருஷம்தான் மாமி, அப்புறம் விட்டுடுவா" என்று உன் அப்பா என்னிடம் சொன்னார். நாலு வருஷம் ஆகிறது. ஞாபகப்படுத்துகிறேன், அவ்வளவுதான்.

நாகலக்ஷ்மி


பவானிபூர், கல்கத்தா
30.11.1997

அம்மாவுக்கு நமஸ்காரம்.

கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. என் அப்பா அப்படி ஒரு வாக்குக் கொடுத்தார் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும். என்னைக் கேட்டிருந்தால் சொல்ல விட்டிருக்க மாட்டேன்.

ஆனால் நீங்கள் நினைத்ததுதான் நடக்கப் போகிறது. பாகீரதி கேபிள்ஸ் பெண்கள் பாஸ்கெட்பால் அணியை இந்த சீசனோடு கலைக்கிறார்கள். யாருக்கும் வேலை போகாது. காலையில் பயிற்சி, மதியத்துக்கு மேல் சால்ட் லேக் ஆபீஸ் என்று இருந்தது மாறி, பத்து முதல் ஐந்து வரை பர்ச்சேஸ் செக்‌ஷன் நாற்காலி. முப்பத்தோரு வயதுக்காரியை வேறு எந்த அணியும் எடுக்காது. பந்து ஆடுவதற்கென்றே வேலை கொடுத்து ஒன்பது வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு இறுதி ஆட்டம்கூட நான் ஆடினதில்லை. இதுதான் கடைசி வாய்ப்பு.

லீக் அடுத்த வாரம் ஆரம்பம். எட்டு அணிகள். முதல் நாலு இடத்துக்கு வருகிறவர்களுக்குப் பிப்ரவரி நடுவில் பிளே-ஆஃப். அதாவது சரியாக நம் விசேஷத்தின்போது.

இதைச் சொல்லாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். லேக் மார்க்கெட்டுக்குப் போனபோது மஹாதேவ சாஸ்திரிகளைப் பார்த்தேன், எங்கள் கல்யாணம் நடத்தி வைத்தவர். தேதியைச் சொன்னதும் பஞ்சாங்கத்தைப் புரட்டி, "மாசி ரெண்டாம் தேதியும் உத்திரம், கடைசியிலயும் உத்திரம். ஒரே மாசத்துல ரெண்டு வந்தா பின்னாடி வர்றதைத்தான் எடுத்துக்கணும். உங்காத்து வாத்தியார் பாக்கலையா?" என்றார். இரண்டாவது உத்திரம் மார்ச் பதின்மூன்று, வெள்ளிக்கிழமை.

எனக்கு இதில் சுயநலமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சாஸ்திரம் சாஸ்திரம்தானே, அம்மா.

மாதங்கி


திருச்சி
13.12.1997

மாதங்கி,

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. பந்துக்காக நாள் பார்க்கிற குடும்பமா இது என்று அப்பாவிடம் கத்தினேன். பிறகு நம் ராமன் வாத்தியாரைக் கூப்பிட்டு விட்டோம். மனுஷர் பஞ்சாங்கத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பஞ்சாங்கத்தைப் பார்த்தார். "மொதல் உத்திரத்தைப் பாத்த ஒடனே மூடிட்டேன் மாமி" என்றார். நாற்பது வருஷமாக இந்தக் குடும்பத்துக்கு வாத்தியார்!

ஆக மார்ச் பதின்மூன்றுக்கு மாற்றியாயிற்று. மண்டபம் கிடைத்தது. சமையல்காரருக்கும் அன்று வேறு இடம் இல்லை. எல்லாருக்கும் "எங்காத்து மாட்டுப்பெண்தான் கண்டுபிடிச்சா, கல்கத்தாவுலேர்ந்து" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் நாத்தனார் கிருஷ்ணம்மாளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பஞ்சாங்கத்தில் தன்னை விட்டால் ஆள் இல்லை என்று அவளுக்கு நினைப்பு.

நீ நிஜமாக அங்கே என்ன செய்கிறாய்? பேப்பரில் கூடையில் பந்து போடுகிறவள் பெயர் ஷிப்ரா என்று போட்டிருக்கிறது. நீ போடுவதில்லையா? பின்னே உன்னை எதற்கு வைத்திருக்கிறார்கள்?

நாகலக்ஷ்மி


பவானிபூர்
10.1.1998

அம்மாவுக்கு நமஸ்காரம்.

கல்யாணச் சமையலில் தலைமைக்காரர் கரண்டியே பிடிக்க மாட்டார், பார்த்திருக்கிறீர்களா? எந்த அடுப்பில் எதை ஏற்றுவது, யார் எப்போது இறக்குவது என்று சொல்லிக்கொண்டே இருப்பார். என் வேலை அது. பந்தை அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் கொண்டுவந்து, யார் காலியாக நிற்கிறாளோ அவள் கையில் சேர்ப்பேன். அவள் போட்டால் பேப்பரில் அவள் பெயர். போடாவிட்டால் பிமல்தா என்னைத் திட்டுவார். பிமல்தா எங்கள் கோச்.

முதல் இரண்டு ஆட்டமும் தோற்றோம். இரண்டாவதில் இருபத்தாறு பாயிண்ட் வித்தியாசம். ரயில்வே பெண்கள். அவர்களிடம் எல்லாரும் தோற்பார்கள், ஆனாலும் இருபத்தாறு அவமானம். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது பிமல்தா, "எப்படியும் கலைக்கிற டீம்தானே என்று ஆடினால் இப்போதே கலைத்துவிடலாம்" என்றார் வங்காளியில். அடுத்த நாள் காலைப் பயிற்சிக்கு, பனியில் குரங்குக் குல்லாயோடு, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே பன்னிரண்டு பேரும் வந்து நின்றோம்.

அதற்குப் பிறகு நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்திருக்கிறோம். ஷிப்ரா ஆறடி உயரம், பராநகர்ப் பெண். அவள் பந்தைப் பிடித்துவிட்டால் யாராலும் பிடுங்க முடியாது. ஒரே குறை, கோபம். ஃபவுல் செய்துவிடுவாள். ஐந்து ஃபவுல் ஆனால் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இன்னும் ஒரு ஆட்டம் பாக்கி. இப்போது நாங்கள் நாலாவது இடம். நாலாவது இடம், அம்மா!

மாதங்கி


திருச்சி
24.1.1998

மாதங்கி,

நாலாவதுக்கு இவ்வளவு சந்தோஷமா? உன் புருஷன் எட்டாம் வகுப்பில் நாலாவது ராங்க் வாங்கினபோது நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

அந்த ஷிப்ரா விஷயம். ஐந்து ஃபவுலில் வெளியே போகிறவள் என்று தெரிந்தும் அவளை எதற்கு ஆரம்பத்திலிருந்தே ஓடவிடுகிறீர்கள்? நடுவில் கொஞ்சம் உட்கார்த்தி வைத்துக் கடைசிக்கு அனுப்பக் கூடாதா? நெய்யை முதல் பந்தியிலேயே கொட்டிவிட்டுக் கடைசிப் பந்திக்குத் திண்டாடுகிற மாதிரி இருக்கிறது. எனக்கென்ன தெரியும், தோன்றியதை எழுதினேன்.

வரும்போது கரியாஹாட்டில் நல்ல தாந்த் கைத்தறிப் புடவையாக ஆறு வாங்கி வா. வைத்துக் கொடுக்க. ஒரே கலரில் வேண்டாம்.

நாகலக்ஷ்மி


பவானிபூர்
9.2.1998

அம்மாவுக்கு நமஸ்காரம்.

முதலில் நல்ல சேதி. கடைசி லீக் ஆட்டமும் ஜெயித்தோம். மூன்றாவது இடம். பிளே-ஆஃபில் இருக்கிறோம். நீங்கள் ஷிப்ராவைப் பற்றி எழுதியதைப் பிமல்தாவிடம் சொன்னேன். "உன் ஷாஷுடி இதுவரை எத்தனை மேட்ச் பார்த்திருக்கிறார்?" என்று சிரித்தார். சிரித்துவிட்டு, அந்த ஆட்டத்தில் பாதி நேரம் அவளை உட்கார வைத்தார். கடைசி பத்து நிமிஷம் அவள் கையில் மூன்று ஃபவுல் மிச்சம் இருந்தது. ஷாஷுடி என்றால் மாமியார்.

இனி எழுத வேண்டியதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நேராக எழுதிவிடுகிறேன்.

லீக் நடக்கிற உள்ளரங்கத்தைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். ஓட்டுப் பெட்டியும் போலீஸுமாக இருக்கிறது. எண்ணி முடித்துக் காலி செய்கிற வரையில் ஆட்டம் கிடையாது. பிளே-ஆஃப் மார்ச்சுக்குத் தள்ளிப் போய்விட்டது. ஐந்தாம் தேதி அரையிறுதி. இறுதி மூன்று ஆட்டம், இரண்டு ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. பத்து, பன்னிரண்டு, பதினாலு.

நீங்கள் முதலில் வைத்த தேதியிலேயே விசேஷம் இருந்திருந்தால் இப்போது நிம்மதியாக ரயிலேறியிருப்பேன். நானே போய் சாஸ்திரிகளைக் கேட்டு, நானே உங்களுக்கு எழுதி, நானே மாற்ற வைத்தேன். செய்தியைக் கேட்டதும் உங்கள் பிள்ளை சிரித்தார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தில் அன்று ராத்திரி சமைக்கவில்லை.

எட்டாம் தேதிக்கு கோரமண்டல் எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட் போட்டிருக்கிறது. அரையிறுதியில் தோற்றால் சிக்கலே இல்லை. எதிரில் போன வருஷம் இறுதி ஆடினவர்கள். தோற்கத்தான் வாய்ப்பு அதிகம்.

மாதங்கி


திருச்சி
16.2.1998

மாதங்கி,

முந்தாநாள் முதல் உத்திரம் வந்து போயிற்று. கோவிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தோம். அன்று மண்டபத்தில் வேறு யாருக்கோ கல்யாணம். நாதஸ்வரச் சத்தம் வீடு வரை கேட்டது.

இருநூறு பத்திரிகை போயாகிவிட்டது. மறுபடி நாளை மாற்றினால் ஊர் சிரிக்கும். மாற்றவும் நாள் இல்லை. உன் வாயால்தான் இந்தத் தேதி வந்தது. அதை நான் எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னேன். கிருஷ்ணம்மாள் இப்போதே ஆரம்பித்துவிட்டாள்: "தேதி சொன்னவ வராம இருந்தா நன்னாருக்குமா, மன்னி?" நீ வராமல் இருக்கலாம் என்று அவளுக்கு யார் சொன்னது? உன் மாமனார். ஒரு விஷயம் அவர் வாயில் தங்காது.

கலைக்கப் போகிற டீமுக்குக் கோப்பை எதற்கு? யாருக்காக? உனக்குப் பதில் ஆட இன்னொருத்தி இல்லையா? எனக்கு இன்னொரு மாட்டுப்பெண் இல்லை. அப்பாவுக்குக் கலச ஜலம் விட ஜெய்ராம் பக்கத்தில் யார் நிற்பது?

ஒளித்து வைக்கத் தெரியாது எனக்கு. உச்சிப்பிள்ளையாருக்கு நூற்றியெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டிருக்கிறேன், நீ அரையிறுதியில் தோற்க வேண்டும் என்று. உனக்கு உடம்புக்கு ஒன்றும் வராமல் தோற்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்லியிருக்கிறேன்.

நாகலக்ஷ்மி


பவானிபூர்
7.3.1998

அம்மாவுக்கு நமஸ்காரம்.

இந்தக் கடிதத்தை உங்கள் பிள்ளையே கையில் கொண்டுவருகிறார். அவர் தனியாக வந்து இறங்கும்போதே உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கும். அவரைத் திட்டாதீர்கள். கிளம்பு என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.

ஜெயித்துவிட்டோம். ஒரே பாயிண்டில்.

முதல் ஆட்டம் மட்டும் ஆடிவிட்டுப் பதினொன்றாம் தேதி ரயிலேறினால், முகூர்த்தத்துக்கு ஒரு மணி முன்னால் வந்து சேரலாம் என்று இவர் டைம்டேபிளை வைத்து எழுதிக் காட்டினார். ரயில் தாமதமாகாமல் இருந்தால். அதையும் யோசித்தேன். பாதியில் விட்டுவிட்டு வந்து மண்டபத்தில் நின்றால், உங்கள் எல்லாரையும் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். அப்படி வந்து நிற்க விரும்பவில்லை.

எனக்குப் பதில் ஆட இன்னொருத்தி இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். இருக்கிறாள். நன்றாகவே ஆடுவாள். நான் இல்லாவிட்டால் அணி முழுகிப் போய்விடும் என்று எழுதினால் உங்களுக்கும் சமாதானமாக இருக்கும், எனக்கும் சௌகரியமாக இருக்கும். ஆனால் அது நிஜமில்லை. எனக்கு ஆட வேண்டும். அவ்வளவுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஆறு புடவையும் பெட்டியில் அடியில் இருக்கிறது. பச்சைக் கரை போட்டது உங்களுக்கு. அப்பாவிடம் என் நமஸ்காரத்தைச் சொல்லுங்கள். அவருக்குத் தனியாக எழுத உட்கார்ந்தேன், அழுகை வந்துவிட்டது.

மாதங்கி


பவானிபூர்
15.3.1998

அம்மாவுக்கு நமஸ்காரம்.

தோற்றுவிட்டோம்.

பத்தாம் தேதி ஜெயித்தோம். ரயில்வே பெண்களை எந்த அணியும் இரண்டு வருஷமாக ஜெயித்ததில்லை. பன்னிரண்டாம் தேதி அவர்கள் ஜெயித்தார்கள். பதின்மூன்று காலையில் பயிற்சி. பிமல்தா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இந்நேரம் உங்களுக்கு மாங்கல்யதாரணம் ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். அவர் சொன்னதில் ஒன்றும் காதில் விழவில்லை.

நேற்று ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். பந்து என்னிடம் இருந்தது. ஷிப்ரா ஐந்தாவது ஃபவுலில் வெளியே போயிருந்தாள். காலியாக யாரும் இல்லை. நானே போட்டேன். வளையத்தில் பட்டுச் சுற்றி வெளியே விழுந்தது. மணி அடித்துவிட்டார்கள்.

பிமல்தாகூட என்னைத் திட்டவில்லை. ஷிப்ராதான் என் ஷூ லேஸை அவிழ்த்துவிட்டாள். நாளை முதல் பர்ச்சேஸ் செக்‌ஷன்.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் மறுபடி இதே நிலை வந்தால், தோற்பேன் என்று தெரிந்தாலும் ஆடத்தான் போவேன். அதை மனசில் வைத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் உங்களுக்குத் தெரிந்துவிடும். விசேஷத்தில் நான் இல்லாதது எனக்கு வருத்தம். ஆடியதில் வருத்தமில்லை. இரண்டும் சேர்ந்து ஒருத்திக்கு இருக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை, இருக்கிறது.

மாதங்கி


திருச்சி
23.3.1998

மாதங்கி,

விசேஷம் நன்றாக நடந்தது. இருநூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். ஐம்பத்திநாலு வயதில் கல்யாணப்பெண் மாதிரி மணையில் உட்கார்ந்துகொண்டு, புகை கண்ணைக் கரிக்க, வருகிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. உனக்கு டைபாய்டு என்று சொல்லத் தீர்மானித்திருந்தேன். பத்துப் பேரிடம் சொல்லியும்விட்டேன். அங்கே உன் புருஷன் டிபன் பந்தியில் உட்கார்ந்து எல்லாருக்கும் ஸ்கோர் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

கிருஷ்ணம்மாள் நேரே என்னிடம் வந்து, எல்லார் காதிலும் விழும்படி, "டைபாய்டு வந்தவ எப்படி மன்னி ஓடறா?" என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உன்மேல் இருந்த கோபமெல்லாம் அவள்மேல் திரும்பிவிட்டது. "டைபாய்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. அவளுக்கு ஃபைனல். அவ கேப்டன். நாளைக்கு ஜெயிக்கப் போறா" என்றேன். வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நீ கேப்டனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. இல்லை என்றால் எழுதாதே.

கலச ஜலம் விடும்போது ஜெய்ராம் பக்கத்தில் ஒரு இடம் காலியாகத்தான் இருந்தது. எனக்கு வலித்தது. இன்றும் வலிக்கிறது. அதை இல்லை என்று சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன். நீயும் மன்னிப்புக் கேட்காமல் விட்டது சரிதான். கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பதினாலாம் தேதி ராத்திரி ஜெய்ராம் போனில் கேட்டுவிட்டு வந்து, "போச்சும்மா" என்றான். அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்டார். நீ தோற்க வேண்டும் என்றுதானே நான் வேண்டிக்கொண்டேன்? எனக்கு ஏன் அப்படி இருந்தது என்று தெரியவில்லை. தேங்காய் அரையிறுதிக்குத்தான், இறுதிக்கு இல்லை என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

நீ கையில் கொடுத்தனுப்பிய கடிதத்தை விசேஷத்துக்கு முன்னால் ஒரு தரமும் பிறகு பல தரமும் படித்தேன். ஆட வேண்டும், அவ்வளவுதான் காரணம் என்று எழுதியிருக்கிறாய். முதலில் படித்தபோது என்ன திமிர் என்று நினைத்தேன். பதினேழு வயதில் இந்தக் குடும்பத்துக்கு வந்தேன். கல்யாணம், சீமந்தம், காது குத்தல், காரியம் என்று ஒரு விசேஷத்துக்கும் நான் போகாமல் இருந்ததில்லை. ஜுரத்தோடு போயிருக்கிறேன். என் அம்மா படுக்கையில் கிடந்தபோதும், அவளை விட்டுவிட்டு, கிருஷ்ணம்மாளின் பெண் நிச்சயதார்த்தத்துக்குப் போயிருக்கிறேன். நாகலக்ஷ்மி தவறாமல் வருவாள் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இந்த ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். எனக்கு இது வேண்டும், அதனால் வரமாட்டேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே, எதைச் சொல்லியிருப்பேன் என்று. ஒன்றும் நினைவுக்கு வரவில்லை, மாதங்கி. போகாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்ததே இல்லை.

அம்மா